ஒரு மிதி போதும்

அந்தக் காருக்கு ஒரு கியர் மாற்ற இரண்டு தரம் கிளட்ச் மிதிக்க வேண்டும். முதல் மிதியில் இருக்கிற கியரைக் கழற்றுவது. காலை எடுத்துவிட்டு, இரண்டாவது மிதியில் அடுத்த கியரைப் போடுவது. ஒரே மிதியில் முடிக்கப் பார்த்தால் உள்ளே பல்லும் பல்லும் அரைபடும். அந்தச் சத்தத்துக்கு ரோட்டோரம் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார். விழுப்புரத்தில் ஒரு மிராசுதாரிடம் நான் டிரைவராக இருந்தேன். கார் அவருடையது. ஐம்பதுகளில் அவர் புதுக் கார் வாங்கினார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பழசை வேற எவன்கிட்ட குடுத்தாலும் ஒரு வாரத்துல கியரை உடைச்சிடுவான். நீயே எடுத்துக்கினு போ" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டாக்சியாக நிறுத்தினேன். மூன்றாம் வகுப்புவரை படித்தவன். வேறு தொழில் தெரியாது.

என் மனைவி ஒலக்கூர்ப் பக்கத்துப் பெண். அவள் வீட்டார் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர்கள். அவள் வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்தாள். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அவளுக்குக் காது கூர்மை. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும். இரண்டு மிதிக்கும் நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால்தான் அது விழும். அப்போது இஞ்சின் ஒரு உறுமல் போடும். அந்த உறுமலைக் கேட்டு அவள் தைக்கிறதை நிறுத்திவிட்டு எழுந்து சோறு போடுவாள். நான் கை கால் கழுவி உள்ளே போகும்போது தட்டில் சோறு இருக்கும். பல வருஷம் அப்படித்தான்.

அறுபதுகள் தொடங்கிய பிறகு ஒரு ஐப்பசியில் கால் போயிற்று.

ஒலக்கூர் ரோட்டில் பின் சக்கரம் பஞ்சர். ஜாக்கிக்கு அடியில் பலகை வைக்காமல் மண்ணிலேயே நிறுத்தினேன். முந்தின நாள் மழை பெய்த மண். என் தப்புதான். ஜாக்கி சாய்ந்தது. கார் இறங்கி என் இடது முட்டியின்மேல் உட்கார்ந்தது. சவாரி வந்த கல்யாணக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பட்டு வேட்டியெல்லாம் சேறு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அதைப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார். "நடக்கலாம்ப்பா. சைக்கிள்கூட மிதிக்கலாம். டிரைவர் வேலை மட்டும் விட்டுடு."

நான் மறுநாளே காரை எடுத்தேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் இருபத்துச் சொச்சம் மைல். வழியில் மாட்டுவண்டி, ரயில்வே கேட், விக்கிரவாண்டிச் சந்தைக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் கியரை இறக்கணும், ஏற்றணும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மிதி. போய் வந்தால் முட்டி பன் மாதிரி உப்பிவிடும். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டேன். முடிந்த இடத்தில் கியர் மாற்றாமலே ஓட்டினேன். தெரு முனையில் மூன்றாவதிலேயே திரும்பினேன். இஞ்சின் முக்கிக்கொண்டு வரும்.

நான்காம் நாள் அவள் கேட்டாள்.

"இன்னாங்க, முனையில ரெண்டாவது போட்றதில்லியா?"

"போட்டேனே."

"போட்டா எனக்குக் கேக்குமே."

அவள் குனிந்து வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி எடுத்துவந்து ஒத்தடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு தினமும் நான் வரும்போது சோற்றுக்கு முன்னால் உப்பு வறுபடுகிற வாசனை வந்தது.

மார்கழியில் ஒரு ஆள் ஸ்டாண்டுக்கு வந்தார். மல்லாட்டை உடைக்கிற மிஷின் வைத்திருந்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார்.

"காரு எனக்கு வேணாம் டிரைவரே. இஞ்சினு மட்டும் போதும். கழட்டி மிஷினுக்குப் பெல்ட்டு மாட்டிக்கிறேன். உனக்கும் ஒரு வேலை போட்டுத் தர்றேன். கேட்டாண்ட ஸ்டூல் போட்டு உக்காந்துக்க. காலுக்கு வேலையே இல்ல."

"மத்த கார?"

"தகரம்தானே. எவனாவது எடுத்துக்குவான்."

நல்ல மனுஷர். என் காலைப் பார்த்துத்தான் கேட்டார். தை பிறக்கட்டும், சொல்கிறேன் என்றேன்.

அந்த இஞ்சின் உள்ளே ஓடும். நான் கேட்டருகில் உட்கார்ந்து நாளெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே நினைத்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. ஆள் வந்து கேட்டதை மட்டும் சொன்னேன். அவள் ஒத்தடத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வீடு பூட்டியிருந்தது. பொழுது சாயும்போது வந்தாள். புடவையெல்லாம் பஸ் புழுதி.

"எங்க போனே?"

"விழுப்புரம். பாயைப் பாத்துட்டு வந்தேன்."

பாய் என்றால் மெக்கானிக் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஷெட். மிராசுதார் காலத்திலிருந்து அந்தக் காரின் வைத்தியம் அவருடையது. என் மனைவி அதற்கு முன்னால் அவரோடு பேசியதுகூடக் கிடையாது.

"கூட்டேரிப்பட்டுல ஒரு புது வேனு புளியமரத்துல மோதிச்சே, அத்தோட கியர் பொட்டி பாய்கிட்ட இருக்குதாம். அடி படாம இருக்குதாம். புதுசுக்கெல்லாம் ஒரு மிதி போதுமாம். பல்லு தானா எணைஞ்சிக்குமாம்."

"அந்தப் பொட்டி இதுல நிக்காதுமே."

"நிக்க வக்கிறேன்னு சொல்றாரு. பழைய பொட்டிய அவருக்குக் குடுத்துட்டா போதுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"சொன்னா வேணாம்னுவீங்க. அதான் போனேன்."

காரை விழுப்புரம் கொண்டுபோனேன். பழைய பெட்டியோடு கடைசி ஓட்டம். முட்டி வலித்தது. ஆனாலும் எல்லாக் கியரையும் முறையாகப் போட்டு ஓட்டினேன்.

வேலை சுலபமில்லை. பழைய இஞ்சினின் பின்பக்கத்தில் போல்ட் ஓட்டைகள் ஒரு விதம். புதுப் பெட்டியின் முகத்தில் வேறு விதம். நடுவில் விரல் கனத்துக்கு ஒரு இரும்புத் தட்டு வேண்டும். தட்டில் இரண்டு விதமான ஓட்டையும் போட வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் உள்ளே ஷாப்ட் கோணிக்கொள்ளும். பாய் விளக்குக் கரியைக் கிரீசில் குழைத்து இஞ்சின் முகத்தில் பூசினார். அதன்மேல் பழைய காலண்டர் அட்டையை வைத்து அழுத்தி அச்செடுத்தார். பெட்டி முகத்துக்கும் அதே மாதிரி ஒரு அட்டை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டின்மேல் வைத்துப் புள்ளி குத்தினார். லேத்துக் கடைக்காரர் துளை போட்டுக் கொடுத்தார்.

மாட்டிப் பார்த்தால் சேரவில்லை. இஞ்சின் பக்கம் சரியாக இருந்தது. பெட்டிப் பக்கம் நான்கு போல்ட் உட்கார்ந்தது. மற்றதெல்லாம் தள்ளி நின்றது. பாய் லேத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"துளை போடச் சொன்னா இன்னாய்யா, ஊர்கோலம் போயிருக்குது உன் துளை?"

"நீ குத்தின புள்ளியிலதான் போட்டேன் பாய். அட்டைய வச்சுப் பாத்துக்க."

அட்டையை வைத்துப் பார்த்தார்கள். புள்ளி சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். "பேஜாரு புடிச்ச பொட்டி" என்று பாய் அதை ஒரு உதை உதைத்தார். பிறகு காலைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் என் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினாள். எனக்குக் கேப்பை அடை கொண்டுவந்திருந்தாள். தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் கிடந்த இரண்டு அட்டைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எது எந்த முகத்தில் எடுத்தது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு நிக்கிற மொகம்தானே?"

"ஆமா."

"அப்போ ஒரு அட்டையத் திருப்பில்ல போட்டிருக்கணும்? ஜாக்கெட்டுக்கு முன்பக்கம் ரெண்டு வெட்டுவோம். ஒண்ணு வலது, ஒண்ணு எடது. துணியத் திருப்பாம வெட்டினா ரெண்டும் வலதாப் போயிடும். நான் புதுசுல அப்படி எவ்ளோ துணிய வீணாக்கியிருக்கேன்."

பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு அட்டையைத் திருப்பி இன்னொன்றின்மேல் வைத்தார். பார்த்தார். வாயிலிருந்த பீடியை எடுத்தார்.

"யா அல்லா. முப்பது வருசமா ஸ்பானர் புடிக்கிறேன்." லேத்துக் கடைக்காரரைப் பார்த்து, "ஜல்தி வேற தட்டு எடு. உன் மேல தப்பில்ல" என்றார். பிறகு என்னிடம், "டிரைவரே, தங்கச்சிய இங்க உட்டுட்டு நீ போய் ஜாக்கெட்டு தையி. ரெண்டு தொழிலும் உருப்படும்" என்றார்.

இரண்டாவது தட்டு சேர்ந்தது. பின்னால் போகிற ஷாப்டை வெட்டிச் சிறிசாக்கினார்கள். லீவர் வேறு இடத்தில் வந்தது. அதற்கு அடிப்பலகையை அறுத்து வழி விட்டார்கள். அதுவும் சீட்டில் இடித்தது. காய்ச்சி வளைத்தார்கள். வேகம் காட்டுகிற முள்ளுக்கு மட்டும் புதுப் பெட்டியில் ஒயர் சேரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கார் எவ்வளவு ஓடினாலும் முள் எழுந்திருக்கவில்லை.

ஆறாம் நாள் ஓட்டிப் பார்த்தோம். பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். மிதித்து லீவரைத் தள்ளினேன். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி நகர்ந்தது. ஒரு சத்தமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்தார்.

"ஒரு மிதி போதும்பா."

"ஒண்ணுதானே மிதிச்சேன்."

"ரெண்டு மிதிச்சே."

மறுபடி மாற்றினேன். மறுபடியும் இரண்டு. நான் மிதிக்கவில்லை. கால் தானாக மிதித்தது. பாதி வழியில் எழும்பி, ஒரு நொடி நின்று, மறுபடி கீழே போயிற்று. பதினாறு பதினேழு வருஷமாக அதற்கு அப்படித்தான் தெரியும்.

"பொட்டிக்குப் புத்தி வந்துடுச்சி. உன் காலுக்கு வரலியே" என்றார் பாய். "போவப் போவச் சரியாயிடும்."

சரியாகவில்லை. நினைப்பு காலின்மேல் இருந்தால் ஒரு மிதியில் நிற்கும். மாட்டுவண்டி குறுக்கே வந்தால் நினைப்பு ரோட்டுக்குப் போய்விடும். கால் பழையபடி இரண்டு போடும். ஒரு வாரம் ஓட்டினேன். முட்டி அதே வீக்கம். வீட்டில் அதே உப்பு.

தை பிறந்தது. மிஷின்காரர் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தானே வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அன்று சாப்பிட்டுவிட்டு அவளிடம் சொன்னேன். "பொட்டி மாறிடுச்சி. கால் மாறல. குடுத்துடறேன்."

அவள் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டாவது மிதி எப்ப வருது?" என்று கேட்டாள்.

"கியரக் கழட்டினதும் கால் எழும்பிடுது. எழும்பினா மறுபடி மிதிக்குது."

"அது எழும்பாம இருந்தா?"

"அப்போ ஒரு மிதியிலயே முடிஞ்சிடும்."

விடிந்ததும் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். தலை வாரி, வெளியே போகிற புடவை கட்டியிருந்தாள். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பெண்கள் முன் சீட்டில் உட்காருகிற வழக்கமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளும் பின்னால்தான் உட்காருவாள்.

"இன்னாமே இது? பின்னால போ."

"எடுங்க வண்டிய."

மயிலம் ரோட்டில் போனோம். ஆளில்லாத இடம் வந்ததும் அவள் வலது கையை என் இடது தொடையில், முட்டிக்குச் சற்று மேலே வைத்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வெளியே அவள் என்னைத் தொட்டதில்லை.

"மிதிங்க."

மிதித்தேன். கியரைக் கழற்றினேன். கால் எழும்பப் பார்த்தது. அவள் அழுத்திப் பிடித்தாள். தையல் மிஷினில் துணியைப் பிடித்துப் பழகிய கை. கால் எழவில்லை. லீவரைத் தள்ளினேன். கியர் விழுந்தது. அவள் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்ததும் கையைத் தளர்த்தினாள்.

"ம்" என்றாள்.

இப்படியே மயிலம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வேறு பேச்சில்லை. மிதி, பிடி, ம். மிதி, பிடி, ம்.

அன்றைக்கே சவாரி வந்தது. அவள் இறங்கவில்லை. சவாரிக்காரர்கள் பின்னால் ஏறினார்கள். விக்கிரவாண்டிச் சந்தைக்குப் போகிற பெரியவர் ஒருவர், எப்போதும் முன்னால் உட்காருகிறவர், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாப்பா டிரைவரு, கண்டக்டர் போட்டுட்டியா?"

"ஆமாங்க."

"சீட்டு கிழிச்சிக் குடுப்பாங்களா?"

"நீங்க ஏறிக் குந்துங்க, கிழிச்சித் தர்றேன்" என்றாள் அவள். பெரியவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் மயிலம் கோயிலுக்குப் போகிற இரண்டு பெண்கள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"ஏம்மா, பட்டப்பகல்ல ஊட்டுக்காரரு தொடையில கை வச்சிக்கினு வர்றியே. ஓடியா போயிடுவாரு?"

எனக்குக் காது சுட்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு ஓட மாட்டாருங்க. காலுதான் சொன்னபடி கேக்கல. அதான் புடிச்சிக்கினு வர்றேன்."

"எங்க ஊட்டுல முழு ஆளே சொன்னபடி கேக்கறதில்ல. எங்க புடிக்கிறதாம்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கூட்டேரிப்பட்டில் ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன். பிடித்தாள்.

அன்றைக்கு அவள் உப்பு வறுக்கவில்லை. வேட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வீக்கம் இருந்தது, ஆனால் தண்ணீர் ஒற்றினால் போதுமென்கிற அளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மிஷின்காரர் வந்தார். நாங்கள் ஸ்டாண்டில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். முன் சீட்டில் அவளைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றார்.

"இன்னா டிரைவரே, முடிவு பண்ணிட்டியா?"

"இஞ்சினு குடுக்கலீங்க."

"காலு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "கத்துக்கிதுங்க."

அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். அந்த வருஷம் அவர் வேறு எங்கோ ஒரு லாரி இஞ்சின் வாங்கினார். பிறகு பல தடவை என் காரில் சவாரி வந்திருக்கிறார்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, விழுப்புரம் ரயில்வே கேட்டில் வண்டியை எடுக்கும்போது எனக்குத் தெரிந்தது. மிதித்தேன். கால் கீழேயே இருந்தது. எழும்பப் பார்க்கவில்லை. கியர் விழுகிற வரைக்கும் அடங்கி இருந்தது. அடுத்த கியருக்கும் அப்படியே. அவள் கை மேலே இருந்தது. ஆனால் அதற்கு அங்கே வேலை இல்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விக்கிரவாண்டியில் சொல்லலாம் என்று இருந்தேன். விக்கிரவாண்டி போய்விட்டது. கூட்டேரிப்பட்டும் போய்விட்டது. வீடு வந்துவிட்டது. சொல்லவில்லை.

அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரு முனையில் கியர் சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்கிறவள். கையை மேலேயே வைத்திருப்பவளுக்குக் கால் எழும்புகிறதா இல்லையா என்று தெரியாதா? அவளும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தலை வாரிக்கொண்டு வந்து முன் கதவைத் திறந்தாள்.

பங்குனியில் மயிலத்துக்கு நல்ல கூட்டம். அந்த இரண்டு பெண்களும் மறுபடி எங்கள் காரில் ஏறினார்கள். முன்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னும் கத்துக்கலியா உங்க ஊட்டுக்காரரு காலு?"

நான் மூன்றாவதிலிருந்து டாப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே மிதி.

"எங்கங்க" என்றாள் அவள். "மக்குக் காலு."

கையை எடுக்கவில்லை.